மருந்து எடுத்துக் கொடுக்கும் கைகளுக்கு 25 குறிப்புகள்

ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை வேளைக்கு மருந்து கொடுப்பது எங்களைப் போன்ற நர்ஸ்களின் வேலை. டிஸ்சார்ஜ் ஆன அன்று இரவிலிருந்து அது மகளின் வேலை, மருமகளின் வேலை. சில வீடுகளில் எட்டாம் வகுப்பு படிக்கும் பேரனின் வேலை. எங்களுக்கு இதற்கென்று படிப்பும் பயிற்சியும் உண்டு. அவர்கள் கையில் இருப்பது ஒரு மருந்துச் சீட்டும் ஒரு பையும் மட்டும்தான்.

நர்ஸிங் படிக்கும்போது ஆரம்பத்திலேயே மனப்பாடமாகிவிடும் பாடம் ஒன்று உண்டு. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இந்த ஐந்தையும் பார்க்காமல் ஒரு மாத்திரையைக்கூட நோயாளியின் கையில் வைக்க மாட்டோம். இதே ஐந்தை வீட்டிலும் பார்த்தால் பாதி ஆபத்து வாசலோடு போய்விடும். அதனால் அந்த வரிசையிலேயே இந்தக் குறிப்புகளைத் தருகிறேன்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்

1. கேட்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். அதனால் நான் அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன். சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மருந்து வாங்கிக்கொண்டு கிளம்பிய ஒரு பாட்டியிடம், "பாட்டி, நான் சொன்னதை இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க" என்றேன். "வெள்ளை மாத்திரை காலையில, சின்ன மாத்திரை ராத்திரி சிஸ்டர்" என்றார். பையைத் திறந்து பார்த்தால் மூன்று மாத்திரைகள் இருந்தன, மூன்றுமே வெள்ளை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு அட்டையையும் தனித்தனிக் கவரில் போட்டு, காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை என்று பேனாவால் வரைந்து கொடுத்தேன். மறுபடி கேட்டபோது மூன்றையும் பிசகாமல் சொன்னார். அதற்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. நர்ஸோ மருந்தாளுநரோ கேட்காவிட்டாலும், "நான் ஒருமுறை சொல்றேன், சரியான்னு பாருங்க" என்று நீங்களே சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

2. சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. ஓ.டி. என்றால் நாளுக்கு ஒருமுறை. பி.டி. இருமுறை, டி.டி.எஸ். மும்முறை. ஹெச்.எஸ். என்றால் படுக்கப் போகும் முன். எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருந்தால் தேவைப்பட்டால் மட்டும் போட வேண்டும். அந்த மாத்திரையைத் தினமும் போடுகிறவர்கள் நிறையப் பேர். "எது வந்தால் போடணும், ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை?" என்று அதற்கு மட்டும் தனியாகக் கேளுங்கள்.

3. ஒவ்வொரு மருந்துக்கும் நான்கு கேள்விகள். இது எதற்கு? எத்தனை நாள்? ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்வது? எந்தத் தொந்தரவு வந்தால் உடனே வர வேண்டும்? பதிலை ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டையே கொண்டுபோங்கள்.

4. எதையும் மறைக்காதீர்கள். முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அதன் பெயரைச் சொல்லுங்கள். அதை ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸிலும் வையுங்கள். கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கோளாறு எல்லாம் டாக்டருக்குத் தெரிய வேண்டும். வீட்டில் சாப்பிடும் லேகியம், சூரணம், நாட்டு மருந்து, சத்து மாத்திரைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவற்றில் சில, டாக்டர் தரும் மருந்தின் வேலையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

சரியான ஆள்

5. உங்கள் மருந்து உங்களுக்கு மட்டும். "எனக்கு இதே மூட்டு வலிதான், இதைப் போட்டதும் கேட்டுச்சு" என்று பக்கத்து வீட்டு அக்கா பாசத்தோடுதான் மாத்திரையை நீட்டுவார். ஆனால் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை, சிறுநீரகம் பலவீனமானவரை இன்னும் சீரழிக்கும், வயிற்றுப் புண் உள்ளவருக்கு ரத்தக் கசிவை உண்டாக்கும், பி.பி.யை ஏற்றும். அறிகுறி ஒன்றாக இருக்கலாம், உடம்பு ஒன்றல்ல.

6. ஒரே வீட்டில் இரண்டு நோயாளிகள் இருந்தால் இரண்டு பெட்டிகள். தாத்தாவுக்கும் சர்க்கரை, பாட்டிக்கும் சர்க்கரை என்றால் மாத்திரைகள் மாறுவது எளிது. நிறம் வேறான இரண்டு டப்பாக்களில், வேறு வேறு அலமாரியில் வையுங்கள். மாத்திரை எடுக்கும்போது விளக்கைப் போடுங்கள், கண்ணாடி அணியுங்கள். அரைத்தூக்கத்தில் தடவி எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

7. குழந்தைக்குப் பெரியவர்கள் மருந்தைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். சில மருந்துகள் எந்த அளவிலும் அவர்களுக்கு ஆகாது. நிமிசுலைடை 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கொடுக்க 2011-லேயே நம் நாட்டில் தடை வந்துவிட்டது. வைரஸ் காய்ச்சல் உள்ள பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் கொடிய நோய் வரலாம். இருமல் சிரப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில், டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்த இருமல் சிரப்பைக் குடித்த பிஞ்சுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்தச் சிரப் தயாரானது நம் தமிழ்நாட்டில். 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி சிரப் தரவே கூடாது, 5 வயதுக்குக் கீழும் பொதுவாகத் தேவையில்லை என்று அப்போது மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. பெரும்பாலான சளி தானாகவே போய்விடும். மூச்சு வாங்கினாலோ, பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ டாக்டரிடம் ஓடுங்கள். கடைக்குப் போய் சிரப் கேட்காதீர்கள்.

சரியான மருந்து

8. நிறத்தை நம்பாதீர்கள், பெயரைப் பாருங்கள். கம்பெனி மாறினால் நிறமும் வடிவமும் மாறிவிடும். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் உண்மைப் பெயர் அதனுடன் அச்சாகியிருக்கும். அரசு ஆஸ்பத்திரியில் தந்த அம்லோடிபினையும், தனியார் டாக்டர் வேறு பெயரில் எழுதித் தந்த அதே அம்லோடிபினையும் சேர்த்துப் போட்டு, பி.பி. இறங்கித் தலைசுற்றி விழுகிறவர்கள் உண்டு. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வந்தாலும், முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ வாங்கினாலும், பழைய அட்டையைக் கொண்டுபோய், "ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

9. பாராசிட்டமால் பல பெயர்களில் ஒளிந்திருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று என்று வாங்கினால் மூன்றிலும் அது இருக்கலாம். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கே 24 மணி நேரத்தில் 4,000 மி.கி.தான் உச்ச வரம்பு. 650 மி.கி. மாத்திரை ஆறு போட்டாலே 3,900 ஆகிவிடும். குடிப்பழக்கம், கல்லீரல் கோளாறு, மெலிந்த உடம்பு உள்ளவர்களுக்கு வரம்பு இன்னும் குறைவு. மீறினால் கல்லீரல் கெடும். முதல் ஒரு நாளில் பெரிதாக எதுவும் வெளியே தெரியாது என்பதுதான் இதில் பயங்கரம்.

10. அட்டையை எந்தப் பக்கம் வெட்டுகிறார்கள் என்று பாருங்கள். நாலு மாத்திரை கேட்டால் கடையில் கத்தரித்துத் தருவார்கள். காலாவதித் தேதி மிச்சத் துண்டோடு போய்விடும். பெயரும் தேதியும் இருக்கிற பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அங்கேயே கவர் மேல் எழுதி வாங்குங்கள். வீட்டிலும் தேதி இல்லாத பக்கத்திலிருந்து மாத்திரையைப் பிதுக்குங்கள். தேதியில் மாதமும் வருடமும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள்வரை போடலாம். பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

11. சிவப்புக் கோட்டைக் கண்டால் நில்லுங்கள். அட்டையின் இடதுபுறம் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. ஆன்டிபயாடிக் அட்டைகளில் அதைப் பார்க்கலாம். ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. அது வைரஸால் வருவது. போன முறை மிச்சமான நாலு மாத்திரையை இந்த முறை காய்ச்சலுக்குப் போடுவதும், இரண்டு நாளில் தேறியதும் நீங்களாக நிறுத்துவதும் வேண்டாம். கண்டபடி போட்டுப் பழகினால் கிருமி அந்த மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிவிடும். நாளைக்கு நிஜமாகவே தேவைப்படும்போது மருந்து கேட்காது.

சரியான அளவு

12. சமையல் ஸ்பூன் மருந்துக்கு ஆகாது. சீட்டில் ஒரு டீஸ்பூன் என்றால் 5 மி.லி. நம் வீட்டு ஸ்பூன்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. பாட்டிலோடு வரும் மூடியையோ, ஊசி இல்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். மூடியைக் கையில் பிடித்தபடி ஊற்றாமல், மேஜை மேல் வைத்துக் கண்ணுக்கு நேராகக் குனிந்து பார்த்து ஊற்றுங்கள்.

13. டிராப்ஸ் வேறு, சிரப் வேறு. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் டிராப்ஸில் 1 மி.லி.க்கு 100 மி.கி. மருந்து இருக்கும். சாதாரண சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி.; அடர்த்தி கூடிய சிரப்பில் 5 மி.லி.க்கு 250 மி.கி. சாதாரண சிரப்புக்குச் சொன்ன 5 மி.லி.யை டிராப்ஸ் பாட்டிலிலிருந்து கொடுத்தால் பிள்ளைக்கு 500 மி.கி., நான்கு மடங்கு, போய்விடும். ஒரு பாட்டில் தீர்ந்து புதிது வாங்கும் ஒவ்வொரு முறையும் இந்த எண்ணைப் படியுங்கள்.

14. குழந்தைக்கு அளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து. பாராசிட்டமால் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. அதாவது 10 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மி.கி. டிராப்ஸ் என்றால் 1 முதல் 1.5 மி.லி., சாதாரண சிரப் என்றால் 4 முதல் 6 மி.லி. இரண்டு வேளைக்கு நடுவே 4 முதல் 6 மணி நேர இடைவெளி வேண்டும். நாளுக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம். மூன்று மாதம் நிறையாத பச்சிளம் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் மருந்து தராமல் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.

15. பவுடராக வரும் சிரப்பைக் கலக்கும் முறை. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் போட்டிருக்கும் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் கோடு வரை நிரப்புங்கள். கலந்த தேதியைப் பாட்டில் மேல் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் குலுக்காமல் ஊற்றினால் முதல் நாள் வெறும் தண்ணீரும் கடைசி நாள் முழு மருந்துமாகப் போகும். லேபிளில் உள்ள நாள் கடந்ததும், பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அது 7 நாள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

16. உப்புச் சர்க்கரைக் கரைசலையும் அளந்தே கரையுங்கள். 1 லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்து. முழுப் பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்து, 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிப் புதிதாகக் கரையுங்கள்.

17. இன்சுலின் சிரிஞ்சின் மூடி நிறம். இதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாலும் தகும். 40 யூனிட் என்று எழுதிய குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் '20' கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான்; சர்க்கரை இறங்காது. 100 குப்பியிலிருந்து சிவப்பு சிரிஞ்சில் '20' வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும், உயிருக்கே ஆபத்து. கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல் இரு உள்ளங்கைக்கு நடுவே பத்து முறை மெதுவாக உருட்டுங்கள். தினமும் ஒரே இடத்தில் குத்தாமல் விரல்கடை தள்ளித் தள்ளிப் போடுங்கள்.

18. சர்க்கரை இறங்கினால். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பசி, பேச்சில் தடுமாற்றம் இவையெல்லாம் அறிகுறி. 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

19. வாரம் ஒருமுறை என்றால் வாரம் ஒருமுறைதான். மூட்டுவாதம், சொரியாசிஸ் நோய்களுக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒரு நாள் மட்டும் போட வேண்டும். தெரியாமல் தினமும் போட்டு உயிரே போன சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. கிழமையை அட்டை மேல் எழுதுங்கள். காலண்டரிலும் வட்டமிடுங்கள்.

சரியான வழி

20. எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்ற எழுத்துகள் இருந்தால், அது மருந்தைச் சிறுகச் சிறுக நாள் முழுக்க விடும் மாத்திரை. பொடித்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும். பான்டோப்ரசோல் போன்றவற்றின் மேலுறை, வயிற்று அமிலத்திலிருந்து மருந்தைக் காக்கத்தான் இருக்கிறது. விழுங்க முடியாதவருக்குச் சிரப்போ வேறு வடிவமோ உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

21. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. நெஞ்சு வலிக்கு ஏற்கெனவே டாக்டர் எழுதித் தந்திருந்தால் நோயாளியை உட்கார வைத்துக் கொடுங்கள். நின்றபடி போட்டால் பி.பி. இறங்கி விழலாம். விழுங்கவோ மெல்லவோ கூடாது. 5 நிமிடத்தில் வலி அடங்கவில்லை என்றால் 108. ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை எடுப்பவர்கள் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் பி.பி. அபாயமான அளவுக்கு விழுந்துவிடும்.

22. இன்ஹேலரும் கண் சொட்டு மருந்தும். அழுத்தி அடிக்கும் இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாக ஆழமாக இழுத்து, 10 எண்ணும்வரை அடக்குங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லையென்றால் வாயில் வெள்ளை படியும். கண்ணுக்கு ஒரு சொட்டு போதும். பாட்டில் முனை இமையில் படக் கூடாது. இரண்டு வகைச் சொட்டு என்றால் நடுவே 5 நிமிடம் விடுங்கள். திறந்து ஒரு மாதம் ஆன பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள்.

சரியான நேரம்

23. சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? தைராய்டு மாத்திரையை எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. இரும்பு, கால்சியம் மாத்திரைகளை அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளிப் போடுங்கள். கர்ப்பிணிகள் இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போட வேண்டாம். இரும்பு மாத்திரையை டீ, காபி, பாலோடு போட்டால் சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறு நல்லது. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். வயிற்றுப் புண்ணுக்கான பான்டோப்ரசோல் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு, வலி மாத்திரை சாப்பிட்ட பிறகு.

24. மறந்துவிட்டால் இரட்டிப்பு வேண்டாம், தேறிவிட்டால் நிறுத்த வேண்டாம். நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட்டு வழக்கம்போல் தொடருங்கள். இன்சுலின், வலிப்பு மருந்து, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து ஆகியவற்றுக்கு என்ன செய்வதென்று முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பி.பி. சரியாக இருப்பது மாத்திரையால்தான். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்தினால் மறுபடி ஏறும். பல நாள் எடுத்த ஸ்டீராய்டையும் வலிப்பு மருந்தையும் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

வைக்கும் இடம்

25. மருந்துக்கு ஓர் இடம், குழந்தைக்கு எட்டாத இடம். அடுப்பு மேல் அலமாரி, ஜன்னல் ஓரம், குளியலறை மூன்றும் ஆகாது. திறக்காத இன்சுலினை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. உறைந்து போனதைப் பயன்படுத்தவே கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு ஈரமான மண்பானைக்குள் வைக்கலாம். ஊசிகளை மூடியுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவில் சேருங்கள். குப்பை அள்ளுபவர் கையும் கைதான். பிள்ளையிடம் மாத்திரையை "மிட்டாய்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். தவறி விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். 108-ஐ அழைத்து, அந்த அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். மருந்தால் பக்கவிளைவு வந்தால் டாக்டரிடம் சொல்வதோடு, 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தெரிவிக்கலாம். நீங்கள் சொல்வது அடுத்தவரையும் காக்கும்.

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும், வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு பழைய செய்தித்தாளில் கொட்டுங்கள். தேதி போனதை, பெயர் தெரியாததை, யாருக்கு வாங்கினோம் என்று நினைவில்லாததைத் தனியே ஒதுக்குங்கள். மிஞ்சியதை ஒவ்வொன்றாக எடுத்து, யாருக்கு, எதற்கு, எவ்வளவு, எப்படி, எப்போது என்று வீட்டில் ஒருவர் சொல்ல, இன்னொருவர் சீட்டைப் பார்த்துச் சரிபாருங்கள். எந்த மாத்திரைக்குப் பதில் வரவில்லையோ, நாளைக் காலை அதை எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடமோ நர்ஸிடமோ மருந்தாளுநரிடமோ போய்க் கேளுங்கள். எத்தனை முறை கேட்டாலும் பதில் சொல்வது எங்கள் வேலை.